மறு: குவார்ட்டர்பேக்குக்குத் தமிழில் என்ன? (சனிக்கிழமைக்குள் வேண்டும்)

ஒஹாயோ, ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வார இறுதித் தமிழ்ப்பள்ளியில் ஒரு மாணவன் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜோ பர்ரோவைப் பற்றிப் பேசப்போகிறான். பர்ரோ இந்த மாநிலத்தில் ஏதென்ஸ் பக்கம் வளர்ந்தவர். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்று பருவம் இருந்தும் ஓர் ஆட்டத்தில்கூடத் தொடக்க அணியில் இடம் கிடைக்கவில்லை. 2018இல் பட்டத்தை வாங்கிக்கொண்டு லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அங்கே 2019 பருவத்தில் 15 ஆட்டம், பதினைந்திலும் வெற்றி, 60 டச்டவுன் வீச்சுகள் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி பெற்றுத் தரும் வீச்சுகள்), சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை. பையன் எல்லாவற்றையும் எழுதிவிட்டான். பர்ரோ ஆடும் இடமான 'குவார்ட்டர்பேக்' (பந்தை எறிந்து அணியின் ஆட்டத்தை நடத்துபவர்) வருமிடத்தில் மட்டும் கோடு போட்டு விட்டிருக்கிறான். ஊரிலிருந்து தாத்தா பாட்டி இணையத்தில் பார்ப்பார்கள். பிள்ளை மேடையில் பத்து முறை 'குவார்ட்டர்' என்றால் என்ன ஆகும்?

கோவை:

180 மில்லி நினைவுக்கு வந்தால் அது கேட்பவர் குற்றம், டீச்சர். :) பெயர்க்காரணத்தைப் பாருங்கள். 1880இல் இந்த ஆட்டத்துக்கு வால்டர் கேம்ப் கொண்டுவந்த விதிப்படி, முன்னால் நிற்கும் வீரர் வரிசையிலிருந்து பின்னால் வரும் பந்தை முதலில் வாங்குபவர் குவார்ட்டர்பேக். வரிசைக்குச் சற்றே பின்னால் நிற்பதால் கால், அவருக்கும் பின்னால் அரை, கடைசியில் முழு. ஆகவே குவார்ட்டர்பேக் கால்பின்னர், ஹாஃப்பேக் அரைப்பின்னர், ஃபுல்பேக் முழுப்பின்னர். மூன்று சொல்லும் ஒரே வார்ப்பில் கிடைத்துவிட்டன.

சென்னை:

'கால்பின்னர்' என்றால் கால் பின்னி விழுபவர் என்றுதான் என் காதில் விழுகிறது. போகட்டும், 'கால்' எப்படி நான்கில் ஒன்றைக் குறித்தது? நாற்கால் விலங்குக்கு ஒரு கால் நான்கில் ஒன்று. வடமொழியில் 'பாத'த்துக்கும் இதே இரண்டு பொருள் உண்டு. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்பது தனி ஆராய்ச்சி. அப்புறம், காற்றுக்கும் கால் என்று பெயர். இவர் பந்தைக் காற்றில் செலுத்துபவர்...

டொராண்டோ:

ஐயா, சனிக்கிழமைக்குள் வேண்டுமாம்! நாங்கள் உதைபந்தாட்டம் என்று சொல்லும் ஆட்களுக்கு இந்த விளையாட்டே ஒரு வினோதம். இவர் பந்தை உதைப்பதே அருமை. 1906இல் முன்னோக்கி எறியலாம் என்று விதி வந்தபிறகு இவருடைய முழு வேலையும் எறிவதும் முடிவெடுப்பதும்தான். நிற்கிற இடத்தை விடுங்கோ, செய்கிற வேலையைப் பாருங்கோ. ஆட்டநடத்துநர் என்று போடலாமே?

கோவை:

நடத்துநர் விசில் ஊதிச் சில்லறை கேட்பார். வேண்டாம்.

சென்னை:

வேலைதான் அளவுகோல் என்றால் சொல் நம்மிடமே இருக்கிறது: மீகாமன், அதாவது கப்பலோட்டி. மீகான், நீகான் என்றும் சொல்வதுண்டு. அகநானூற்றில் நீகான் மாடத்து எரியும் விளக்கைப் பார்த்துத் துறையறிந்து கலம் செலுத்துகிறான். இவரும் எதிரணி நிற்கும் நிலையைப் படித்துவிட்டுத்தான் பந்தைச் செலுத்துகிறார். மீ என்றால் மேல். மேலே நின்று காண்பவன் மீகான்.

கோவை:

அப்படியானால் நீகான் என்பவன் எங்கே நின்று காண்கிறான் ஐயா? பத்து வயதுப் பையனுக்கு மீகாமனை விளக்க இன்னொரு கலைச்சொல் தேவைப்படும்.

ஒஹாயோ, ஆசிரியை:

நடுவில் மன்னிக்கவும், இன்னொன்றும் இருக்கிறது. கல்லூரி அணியில் ஆடத் தகுதியுள்ள ஆண்டுகள் வீணாகாமல் இருக்க, 2015இல் பர்ரோவைக் களமிறக்காமல் ரெட்ஷர்ட்டாக வைத்தார்கள். பையன் 'செஞ்சட்டை அணிந்தார்' என்று எழுதியிருக்கிறான். அவன் தாத்தா பழைய தோழர்!

டொராண்டோ:

தாத்தா மகிழ்ந்துபோவார். 'காத்திருப்பாண்டு' போதும்.

(இதை மட்டும் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். இந்தக் குழுவில் இது அபூர்வம்.)

சென்னை:

ஒன்று சொல்கிறேன். லூசியானாப் பல்கலைக்கழகம் இருக்கும் பேட்டன் ரூஜில் தன் கடைசி உள்ளூர் ஆட்டத்துக்குப் பர்ரோ என்ன செய்தார்? சட்டைமுதுகில் தன் பெயரை லூசியானாப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் போட்டுக்கொண்டு வந்தார். மனிதரே போன ஊரின் உடையை உடுத்துகிறார். சொல் உடுத்தக் கூடாதா?

கோவை:

உங்கள் சான்று எனக்குத்தான் சாதகம். எழுத்துத்தான் மாறியது, ஒலி மாறவில்லை. வாசித்தால் அதே பர்ரோ. அதுபோல ஒலியை வைத்துக்கொண்டு 'குவார்ட்டர்பேக்' என்று நம் எழுத்தில் எழுதுங்கள்.

(இதற்கு இரண்டு நாள் பதில் வரவில்லை.)

கோவை:

இன்னொரு திருத்தம். 60 வீச்சு அப்போதைய சாதனைதான். 2021இல் மேற்குக் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தின் பெய்லி ஸாப்பி 62 வீசிவிட்டார். பையன் 'இன்றுவரை' என்று சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒஹாயோ, ஆசிரியை:

சனிக்கிழமை முடிந்தது. வாக்கெடுத்ததில் மூன்றுக்கு இரண்டு என்று மீகாமன் முன்னால் இருந்ததால் அதையே எழுதிக் கொடுத்தேன். முதல் முறை 'குவார்ட்டர்பேக் என்னும் மீகாமன்' என்றான், தாத்தா சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை. ஹைஸ்மன் மேடையில் பர்ரோ தன் ஊர்ப் பிள்ளைகள் பசியோடு வீடு திரும்புவதைச் சொல்லி அழுததும், அதைக் கேட்ட மக்கள் ஏதென்ஸ் மாவட்ட உணவு வங்கிக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் அனுப்பியதும் வந்தபோது அரங்கம் அமைதியாக இருந்தது. அந்தப் பகுதிக்கு நம் குழுவிடம் எந்தச் சொல்லும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அனைவருக்கும் நன்றி.

கோவை:

வாழ்த்துகள். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கப்பலுக்கு மீகாமன் கிடைத்துவிட்டார், சரி. ஹாஃப்பேக் யார், துடுப்புக்காரரா?