தபால்காரர் கட்டிய மாளிகை

பிரான்சில் லியோன் நகரத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது, "உனக்கு ஒரு தபால்காரரைக் காட்டுகிறேன், வா" என்று தெற்கே த்ரோம் மாவட்டத்துக்குக் காரில் கூட்டிப்போனான். எங்கள் அப்பா கிராமத்துத் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர்.

ஊர் பெயர் ஓத்ரீவ். கலோர் ஆற்றங்கரையில் சின்ன கிராமம், சுற்றிலும் தாழ்வான குன்றுகள். நாங்கள் இறங்கியது மதியம், பேக்கரிகூட அடைத்திருந்தது.

ஃபெர்டினான் ஷெவால் இங்கே தினமும் 32 கிலோமீட்டர் நடந்து கடிதம் கொடுத்தவர். 1879இல், 43 வயதில், வழியில் ஒரு கல் தடுக்கியது. அதன் வடிவம் பிடித்துப்போய் எடுத்து வந்தார். மறுநாள் அதே இடத்தில் இன்னும் அழகான கற்கள். முதலில் சட்டைப்பையில், அப்புறம் கூடையில், கடைசியில் தள்ளுவண்டியில் என்று சேர்த்து, இரவில் விளக்கு வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாய் ஒரு மாளிகையே கட்டியிருக்கிறார். 1912 வரை 33 வருஷம்! கொத்தனார் வேலையே தெரியாதவர். ஊரார் பைத்தியம் என்றார்களாம். சொல்லாமல் இருப்பார்களா?

கிழக்குச் சுவர் 26 மீட்டர் நீளம். சீசர், அவரை எதிர்த்த கௌல் தலைவன் வெர்சிஞ்செடோரிக்ஸ், ஆர்க்கிமிடீஸ் மூவரும் ராட்சதச் சிலைகளாய் நெடுநெடுவென்று நிற்கிறார்கள். மேற்குப் பக்கம் மசூதி, சுவிஸ் வீடு, அப்புறம் ஓர் இந்துக் கோயில். கோபுரம் இருக்கும் என்று ஆசையாகத் தேடினேன். நம்மூர்க் கோயில் சாயல் துளியும் இல்லை. அவர் எங்கே வந்து பார்த்தார், பாவம். கடிதங்களோடு சுமந்த படப் பத்திரிகைகளும் அஞ்சலட்டைகளும்தான் அவருக்கு உலகம்.

எனக்குப் பிடித்தது அந்தத் தள்ளுவண்டி. மரவண்டிக்கென்று உள்ளேயே ஒரு மாடம் கட்டி, அது தானே பேசுவதுபோல் வரிகள் பொறித்திருக்கிறார்.

மாளிகைக்குள்ளேயே புதைக்கச் சொன்னாராம், அனுமதி கிடைக்கவில்லை. சரி என்று 78 வயதில் ஊர் மயானத்தில் தன் கல்லறையைத் தொடங்கி, எட்டு வருஷத்தில் முடித்தார். 1924இல் இறந்தார். அதையும் நடந்துபோய்ப் பார்த்தோம். பண்பாட்டு அமைச்சராக இருந்த எழுத்தாளர் ஆந்த்ரே மால்ரோவின் ஆதரவோடு, 1969இல் மாளிகை வரலாற்றுச் சின்னமானது.

ராத்திரி அப்பாவுக்குப் படங்கள் அனுப்பினேன். கோயிலைப் பற்றியோ ராட்சதர்களைப் பற்றியோ அவர் கேட்கவில்லை. "32 கிலோமீட்டர் நடந்தவர் போட்ட செருப்பை எங்கேயாவது வைத்திருக்கிறார்களா?" என்றார்.