மேசைக்குப் பின்னால் ஒரு மனிதர்: ஸ்பால்டிங் கிரேயைக் கேட்ட அனுபவங்கள்

நியூயார்க்கில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், வூஸ்டர் தெருவிலுள்ள பெர்ஃபார்மிங் கராஜ் அரங்கில் அமெரிக்க நடிகரும் தனியுரைக் கலைஞருமான ஸ்பால்டிங் கிரே தம் வாழ்க்கையைத் தாமே சொல்லக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கட்டம் போட்ட சட்டையணிந்து வந்து மேசைக்குப் பின்னால் அமர்ந்தார். மேசைமீது ஒலிவாங்கியும் ஒரு கோப்பைத் தண்ணீரும் ஒரு நோட்டுப் புத்தகமும் மட்டுமே இருந்தன. கம்போடியப் போரைப் பற்றிய 'தி கில்லிங் ஃபீல்ட்ஸ்' படத்தில் அமெரிக்கத் தூதரின் உதவியாளராகச் சிறு வேடமேற்றுத் தாய்லாந்தில் கழித்த நாட்களைச் சொல்லத் தொடங்கியவர், கம்போடியாவின்மீது அமெரிக்கா குண்டு பொழிந்த வரலாற்றுக்கு எப்போது நழுவினார் என்பதே எனக்குத் தெரியவில்லை. 'ஸ்விம்மிங் டு கம்போடியா' என்ற அந்தத் தனியுரையை 1987இல் ஜோனதன் டெம்மி படமாக்கியதும் அதே அரங்கில்தான்.

சில வாரங்கள் கழித்து மறுபடியும் சென்றபோதுதான் அவருடைய கலையின் நுட்பம் எனக்குப் பிடிபட்டது. முதல்முறை நீண்டு ஒலித்த ஒரு நிகழ்ச்சி இம்முறை இரண்டே வாக்கியங்களில் முடிந்தது. முன்பு சிரிப்பு எழுந்த இடத்தில் அவர் நிறுத்தி, தண்ணீர் குடித்து, வேறு சொல்லைத் தேடினார். எழுதி மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. நோட்டில் இருந்தவை குறிப்புகளே. நிகழ்ச்சியைப் பதிவு செய்து, திரும்பக் கேட்டு, அடுத்த இரவுக்குச் செதுக்குவார். அச்சுப் பிரதி கடைசியில் வருவது. ஆகவே அவரை தம் அந்தரங்கங்களைக் கொட்டித் தீர்க்கும் வெறும் ஒப்புதல் வாக்குமூலக்காரர் என்று விமர்சகர்கள் சுருக்குவது எனக்கு உடன்பாடானதன்று. தம் தாய் 1967இல் தற்கொலை செய்துகொண்டதைப் பேசும்போதும், எதை எந்த இடத்தில் சொல்ல வேண்டும் என்பதை அவர் கணித்தே வைத்திருந்தார்.

———

மேலே எழுதிய நண்பருடன் முழுதும் உடன்படுகிறேன். நான் கண்டது 'இன்டர்வியூயிங் தி ஆடியன்ஸ்'. காட்சிக்கு முன்னரே முகப்புக்கூடத்தில் பார்வையாளர்களிடம் பேச்சுக் கொடுத்து, சிலரைத் தேர்ந்து மேடைக்கு அழைத்துக் கேள்வி கேட்கும் நிகழ்ச்சி அது. என் அருகில் அமர்ந்திருந்த பெண்மணியை அழைத்து, அன்று அரங்கிற்கு எப்படி வந்தார் என்றுதான் கேட்டார். அடுத்தடுத்த சிறு கேள்விகளில் அப்பெண்மணி தம் தந்தையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். கிரே குறுக்கிடவே இல்லை. தம்மைப் பற்றியே பேசுபவர் என்று பெயரெடுத்த ஒருவர் அவ்வளவு பொறுமையாகக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

2001இல் அயர்லாந்தில் நேர்ந்த கார் விபத்தில் அவருடைய இடுப்பும் மண்டையோடும் முறிந்தன. அதன்பின் கடும் மனச்சோர்வு. அந்த விபத்தையும் அவர் மேடையில் சொல்ல முயன்றார். 2004 ஜனவரியில் காணாமற்போனவரின் உடல் மார்ச்சில் ஈஸ்ட் ஆற்றில் கண்டெடுக்கப்பட்டது. புதிதாக அவரை அறிய விரும்புவோர் 1987ஆம் ஆண்டுப் படத்திலிருந்து தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அவருடைய பதிவுகளை மட்டும் கொண்டு ஸ்டீவன் சோடர்பெர்க் 2010இல் தொகுத்த ஆவணப்படம் சிறந்ததே. ஆயினும் அதை முதலில் பார்த்தால், அவர் சிரிக்க வைத்த இடங்களிலும் அவருடைய முடிவையே தேடத் தொடங்கிவிடுவோம்.