இட்டாமா எதிரில் ஃபிரேசியர்: பிரஷர் ஃபைட்டர்களிடம் நாங்கள் பட்ட அனுபவம்

2025 ஆகஸ்டில் ரியாத்தில் நடந்த ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் பிரிட்டன்காரர் மோசஸ் இட்டாமா, டில்லியன் வைட்டை முதல் சுற்றிலேயே முடித்துவிட்டார். அப்போது வயது 20தான். 13 சண்டை, 13 வெற்றி, அதில் 11 நாக்அவுட். அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை: இந்தப் பையன் அந்தக் கால சாம்பியன்கள் ஜோ ஃபிரேசியர், ராக்கி மார்சியானோ மாதிரி விடாமல் முட்டிக்கொண்டு வரும் பிரஷர் ஃபைட்டர்களிடம் சிக்கினால் என்ன ஆவார்? என் பதிலைச் சொல்வதற்கு முன்னால் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

நானும் ஹெவிவெயிட், உயரம், இடதுகைக்காரன். அமெச்சூரில் மூன்று சுற்றுக்கு மேல் ஆடியதே இல்லை. ஒரு நாள் கோச் ஆறு சுற்று ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) என்று சொல்லி ஒருவரை எதிரில் நிறுத்தினார். என் தோள் உயரம்தான் இருப்பார், வயதும் என்னைவிட அதிகம். முதல் இரண்டு சுற்றில் நான் நினைத்ததெல்லாம் நடந்தது. முன்னால் இருக்கும் கையால் நேராக விடும் ஜாப் விழுந்தது, பின்னாலேயே இடது கை நேர்க்குத்தும் விழுந்தது. அவர் முகம் சிவந்தது, ஆனால் ஓரடிகூடப் பின்னால் போகவில்லை. அடித்துவிட்டுக் கொஞ்சம் விலகி மூச்சு விடலாம் என்று எங்கே போனாலும் அங்கே எனக்கு முன்னால் வந்து நிற்கிறார்! நான்காம் சுற்றில் என் வலது விலாவுக்குக் கீழே, பக்கவாட்டில் வளைத்து அடிக்கும் ஓர் இடது ஹூக் இறங்கியது. அந்த வலி உடனே தெரியாது. ஒரு நொடி கழித்துத்தான் வரும், வந்தால் கால் நம் சொல்லைக் கேட்காது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஃபிரேசியரை நினைத்தால் எனக்கு அந்த அடிதான் ஞாபகம் வரும். இடதுகைக்காரன் வலது காலை முன்னால் வைத்து நிற்கிறான். கல்லீரல் இருக்கிற பக்கத்தை எதிராளியின் இடது கைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்த மாதிரிதான் அது. ஃபிரேசியரின் சொத்தே இடது ஹூக். சின்ன வயதில் அடிபட்டுச் சரியாகக் கூடாத கை, முழுக்க நீளாது. 1971 மார்ச் 8 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 15ஆம் சுற்றில் முகமது அலியைத் தரையில் சாய்த்தது அந்தக் கைதான். பதினான்கு சுற்று அலியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு அப்படி ஓர் அடி! இட்டாமா வைட் சண்டை வரைக்கும் ஆறு சுற்றைத் தாண்டியதே இல்லை. மூன்று சுற்றுக்காரனாக இருந்து ஆறு சுற்றில் இறங்கிய எனக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

மார்சியானோவிடம் எனக்கு அவ்வளவு பயம் இல்லை. அவர் 85 கிலோ வாக்கில், இட்டாமா சுமார் 110. கிளிஞ்சில், அதாவது கட்டிப்பிடித்து நிற்கும்போது, அந்த எடை மேலே சாய்ந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஆனால் 1952இல் அப்போதைய சாம்பியன் ஜெர்சி ஜோ வால்காட்டிடம் புள்ளியில் பின்தங்கி, 13ஆம் சுற்றில் ஒரே வலது கையில் பட்டத்தை வாங்கியவர் அவர். இடதுகைக்காரனுக்கு எதிராளியின் வலது கைதான் எமன். அதனால் ஒரு நிமிடம்கூட அசந்துவிடக் கூடாது.

* * *

தம்பி, உங்களை உட்கார வைத்தவர் மாதிரி குட்டை ஆள்தான் நானும். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். நீளமான ஜாப் எங்களுக்குப் பழகிப்போன விஷயம். நெற்றியில் வாங்கிக்கொண்டே உள்ளே வந்துவிடுவோம். எங்களைப் பின்னால் தள்ளுகிற ஆள் வந்தால்தான் கதை மாறும்.

ஒருமுறை என்னைவிட இருபது கிலோ கூடின ஒருவருடன் ஸ்பாரிங். அவர் ஓடவே இல்லை. நான் குனிந்து உள்ளே வரும்போதெல்லாம் இரண்டு கையையும் என் தோளில் வைத்து ஒரு தள்ளு, நிமிர்ந்தால் கீழிருந்து மேலாகத் தாடைக்கு ஓர் அப்பர்கட். பின்னால் போய்க்கொண்டே எப்படி அடிப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. இரண்டு சுற்றோடு போதும் என்று இறங்கிவிட்டேன். அப்புறம் வீட்டில் 1973 ஜனவரி கிங்ஸ்டன் சண்டையைப் போட்டுப் பார்த்தேன். ஜார்ஜ் ஃபோர்மேன் ஃபிரேசியரைச் செய்ததும் அதேதான்: தள்ளு, அப்பர்கட். இரண்டே சுற்றில் ஆறு முறை ஃபிரேசியர் கீழே விழுந்தார்.

இட்டாமாவிடம் அந்தக் குணம் இருக்கிறது என்பது என் கணிப்பு. வைட்டைக் கயிற்றுப் பக்கம் கொண்டுபோனது அவர்தானே? நீங்கள் ஒதுங்கி ஆடினீர்கள், அவர் ஒதுங்க மாட்டார். ஃபிரேசியர் சூடேற ஒன்றிரண்டு சுற்று ஆகும், அதற்குள் பையன் முடித்துவிடலாம். 1986இன் மைக் டைசன் என்றால் மட்டும் நான் பந்தயம் கட்ட மாட்டேன். டைசனுக்குச் சூடேறவே நேரம் வேண்டாம், முதல் மணியிலேயே தலையை ஆட்டிக்கொண்டு மார்புக்குள் வந்துவிடுவார். அந்த வருடம் டைசனிடம் ஜேம்ஸ் டில்லிஸ் பத்துச் சுற்று தாங்கினார் என்றால், அது அவர் கால் நிற்காமல் ஓடியதால்.

* * *

அண்ணன் சொல்வது சரி, ஆனால் முதல் இரண்டு சுற்றில் முடியவில்லை என்றால்? நான் ஆறு வருடமாகக் கார்னரில், சுற்றுகளுக்கு நடுவே வீரரைக் கவனிக்கும் ஆளாக, நிற்கிறேன். இந்த மாதிரி இளம் ஆட்களுக்கு ஐந்தாம் சுற்றுக்கு அப்புறம் ஸ்டூலில் உட்காரும்போது கண்ணில் ஒரு கேள்வி வரும், 'இவன் எப்போது நிறுத்துவான்?' என்று. அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்கும்.

அதே சமயம் ஃபிரேசியர் பக்கமும் ஓர் ஓட்டை உண்டு. அவருக்கு இடது கண்ணில் பார்வை குறைவு. 1975இல் மணிலாவில் அலியுடனான சண்டையில் நல்லதாக இருந்த வலது கண்ணும் வீங்கி மூடியதும் அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் 15ஆம் சுற்றுக்கு அனுப்ப மறுத்துவிட்டார். இடதுகைக்காரனின் நேர்க்குத்து போய் விழுவது அந்த வலது கண் பக்கம்தான். கல்லீரல் முந்துமா, கண் முந்துமா என்பதுதான் இந்தச் சண்டையே. எட்டாம் சுற்றிலும் அந்த இடது கையைத் தூக்க இட்டாமாவுக்குத் தெம்பு இருந்தால், நான் கண் பக்கம்.