பிழையைச் சொல்லப் பயப்படாத வேலைத்தளம்: ஆலோசனை தேவை

குழுவிலுள்ள அனைவருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்தில், ஹட்டனில் தேயிலை பொதி செய்யும் சிறு நிறுவனமொன்றை நடத்துகிறேன். 14 பேர் வேலை செய்கிறார்கள். பெரும்பாலானோர் சுற்றியுள்ள தோட்டங்களைச் சேர்ந்தவர்கள்.

கடந்த மாதம் 600 பொதிகள், வாய் சரியாக ஒட்டாமல் ஈரம் ஏறித் திரும்பி வந்தன. இயந்திரத்தில் சூடு குறைந்திருந்ததை இரண்டு ஊழியர்கள் முதல் நாளே கவனித்திருந்தும், சொன்னால் பழி தங்கள் மேல் விழும் என்று பேசாமல் இருந்திருக்கிறார்கள். அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. பிரட்டுக்களத்தில் (தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடத்தில்) ஏச்சு வாங்கி, கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேரோடு (அரைநாள் சம்பளத்தோடு) வீடு திரும்பிய பெற்றோரிடம் வளர்ந்தவர்களுக்கு மேற்பார்வையாளர் என்றாலே ஏசி வேலை வாங்கும் தோட்டத்துக் கங்காணிதான். காலையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி வேலை பிரித்த நானும் அதே பிரட்டைத்தான் நடத்தியிருக்கிறேன்.

முதலாளியின் பங்காக, ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் தவறாமல் கட்டுகிறேன். ஆனால் அது சட்டக் கடமை; நம்பிக்கை அதனால் வந்துவிடவில்லை. டொயோட்டா தொழிற்சாலைகளில், கோளாறைக் காணும் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்தோ பொத்தானை அழுத்தியோ உதவி கேட்கலாம், உடனே தீராவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். அதை இங்கும் கொண்டுவர விரும்புகிறேன். கட்டுப்பாடு குலைந்துவிடும் என்கிறார் எங்கள் மேற்பார்வையாளர். நல்ல உழைப்பாளி, வாய்தான் கடுமை.

பிழையை முதலில் சொல்பவருக்கு ஊக்கத்தொகை கொடுப்பது சரியா, அல்லது அது கோள்மூட்டலுக்கு வழிவகுக்குமா? அனுபவமுள்ள மேற்பார்வையாளரை இழக்காமல், அவர் பேசும் முறையை மட்டும் மாற்றியவர்கள் இருந்தால், எங்கிருந்து தொடங்கினீர்கள் என்பதைத் தயவுசெய்து எழுதுங்கள்.