சொல் வேண்டும்: ஒரே ஸ்கிரிப்ட் இருமுறை ஏறும் வழு

வணக்கம். நிரலாக்கப் பாடம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்குள் கொடுத்தாக வேண்டும். ஒரே ஸ்கிரிப்ட் (உலாவியில் ஓடும் நிரல்) ஒரு வலைப்பக்கத்தில் இருமுறை ஏறுவதால் வரும் வழுவுக்குத் தலைப்பு என்ன வைக்கலாம்? பொத்தானை ஒருமுறை அழுத்தினால் படிவம் இரண்டு முறை போகிறதே, அதுதான். இப்போதைக்கு 'மீளேற்றம்' என்று போட்டிருக்கிறேன்.

————
மீளேற்றம் வேண்டாம். பக்கத்தை ரீலோடு செய்வதற்கு அச்சொல் புழங்குகிறது. ரீலோடில் பழையது அழிந்துவிடும். இங்கே பழையது அப்படியே இருக்க இன்னொன்று வந்து சேர்கிறது. 'இரட்டையேற்றம்' போதும்.

————
இரட்டை பொருந்தாது நண்பரே. இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது. 'சலசல'வில் ஒற்றைச் 'சல'வுக்கு ஏது பொருள்? இங்கே ஒவ்வொரு பிரதியும் தனியே இயங்கவல்லது. ஆகவே இது 'பாம்பு பாம்பு' போல அடுக்குத்தொடர். நன்னூலார் நான்குவரை அடுக்க விடுகிறார், மூன்றுமுறை ஏறினாலும் சொல் தாங்கும். 'அடுக்கேற்றம்' என்க. தவிர, ஏறு தன்வினை, ஏற்று பிறவினை. ஏல் என்பதிலிருந்தும் ஏற்றல் வரும், அது பெறுதல். உலாவி ஏற்றுகிறதா, ஏற்கிறதா? இதை முதலில் தீர்க்கவேண்டும்.

————
ஐயா, அடுக்கு என்றால் மாணவர்கள் ஸ்டாக் (தரவை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அமைப்பு) என்று எடுத்துக்கொள்வார்கள். வகுப்பில் 'ரெண்டு தடவை லோடு ஆகுது' என்கிறேன். யாரும் விழிப்பதில்லை.

————
அப்படியானால் கலைச்சொல்லே எதற்கு? நூலுக்குச் சொல்லும் பத்துக் குற்றங்களுள் 'கூறியது கூறல்' உண்டு. அதே வாய்பாட்டில் 'ஏற்றியது ஏற்றல்'.

————
கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இருமுறை அழைப்பது எப்போதுமே குற்றமில்லை. ஸ்கிரிப்டை மாட்யூலாக (தனிக் கூறாக) எழுதினால், ஒரே முகவரியை எத்தனை முறை அழைத்தாலும் பக்கத்தில் ஒருமுறைதான் ஓடும் (முகவரியின் வாலில் பதிப்பெண் மாறினால் அது வேறு மாட்யூல்). பொத்தான் அழுத்தல் போன்றவற்றுக்குக் காத்திருக்கும் நிகழ்வு கேட்பானும் அப்படித்தான்: அதே சார்பை (ஃபங்ஷனை) அதே நிகழ்வுக்கு மறுபடி சேர்த்தால் உலாவி கண்டுகொள்ளாது. சாதாரண ஸ்கிரிப்ட் இரண்டாம் முறை ஓடும்போது சார்பு புதிதாகப் பிறக்கிறது. உலாவிக்கு அது வேறு ஆள். மேல்மட்டத்தில் கான்ஸ்ட் (மறுபடி அறிவிக்க முடியாத பெயர்) இருந்தாலோ, பெயர் ஏற்கெனவே அறிவிக்கப்பட்டதென்று பிழை காட்டி இரண்டாம் பிரதி ஓடவே ஓடாது. சத்தம் போடும் வழு அது, நல்லது. தொடக்கத்தில் ஒரு கொடி (ஏற்கெனவே ஓடியதற்கான அடையாளம்) வைத்துத் தடுக்கலாம்தான். இரண்டாவதாக யார் அழைக்கிறார் என்று தேடுவதே முறை. பாடத்தில் இதையும் சேருங்கள், தலைப்பு எதுவானாலும்.

————
மாட்யூல் விஷயம் வழுவமைதி என்று சொல்லுங்கள்!

————
அனைவருக்கும் நன்றி. 'இரட்டையேற்ற வழு' என்று அனுப்பிவிட்டேன். தனிமடலில் எழுதியவர்களும் பெரும்பாலும் அதையே சொன்னார்கள்.

————
மூன்றுமுறை ஏறினால் என்ன எழுதுவீர்கள்? என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.