காற்றாலை சிமுலேஷனில் பிஎச்டி: உதவித்தொகையோடு இடம் தேட வழி சொல்லுங்கள்

வணக்கம். நாகர்கோவிலில் இருந்து எழுதுகிறேன். எம்.டெக் முடித்த என் தங்கை கம்ப்யூட்டேஷனல் சயின்ஸில் பிஎச்டி செய்ய இடம் தேடுகிறாள். முப்பந்தல் பக்கம் போனவர்களுக்கு அங்குள்ள காற்றாலைக் கூட்டம் தெரியும். முன்னால் நிற்கும் காற்றாலை, காற்றின் வேகத்தைக் குறைத்துச் சுழல்களைப் பின்னால் விடும். அடுத்ததற்கு மின்சாரம் குறையும். இதைக் கணினியில் சிமுலேட் செய்வதுதான் அவளுக்குப் பிடித்த வேலை. காற்று, நீர் ஓட்டத்தைக் கணக்கிடும் ஓப்பன்ஃபோம் மென்பொருளும், பைத்தானும் நன்றாக வரும். சி++ சுமார்தான்.

கேட் (GATE) தேர்வு மதிப்பெண் கையில் இருக்கிறது. பெங்களூரு ஐஐஎஸ்சி, சென்னை ஐஐடி இரண்டுக்கும் விண்ணப்பிக்கிறாள். அங்கே வழக்கமான உதவித்தொகை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய். ஜெர்மனியில் பிஎச்டி பெரும்பாலும் சம்பள வேலையாகவே வருகிறது. ஆனால் விளம்பரத்தில் டிவி-எல் இ13 (அங்குள்ள அரசுச் சம்பள விகிதம்) என்று போட்டுவிட்டு, கீழே முக்கால் சம்பளம் என்றும் எழுதுகிறார்கள். அதில் அங்கே குடும்பம் நடத்த முடியுமா? ஐரோப்பாவில் சம்பளத்தோடு பிஎச்டி இடம் தரும் மேரி கியூரி திட்டத்தில், வேலைக்குச் சேரும் நாட்டில் அதற்கு முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. அது இவளுக்குச் சாதகம்தான்.

கைக்காசு போட்டுப் படிக்க வைக்க வீட்டில் வழியில்லை. ஏஜென்ட் அண்ணன்மார் தயவுசெய்து இன்பாக்ஸுக்கு வர வேண்டாம்.

இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்: பேராசிரியருக்கு அனுப்பும் முதல் மெயிலில் சொந்தமாக எழுதிய புரோகிராமைக் காட்டினால் மதிப்பு உண்டா, கட்டுரை வெளிவந்திருந்தால்தான் பார்ப்பார்களா? அப்புறம், யாராவது அவளுடைய சிவியை ஒருமுறை படித்துத் திருத்தித் தந்தால் பெரிய உதவி.