பச்சை விளக்கை நம்பி ரெய்டு அமைத்த கதை

ஒரு சிறிய அலுவலகத்தின் கணக்கு சர்வருக்கு 4 டிபி (டெராபைட்) ஹார்ட் டிஸ்க்குகள் நான்கைக் கொண்டு ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒரே சேமிப்பிடமாக இணைக்கும் முறை) அமைக்கும் வேலை என்னிடம் வந்தபோது, நான் பார்த்தது கொள்ளளவை மட்டுமே. ஒவ்வொரு தரவையும் இரண்டு டிஸ்க்குகளில் வைக்கும் ரெய்டு 10 என்றால் 8 டிபி, ஒரு டிஸ்க் அளவு இடத்தை மட்டும் பாரிட்டிக்கு (கெட்ட டிஸ்க்கின் தரவை மீட்க உதவும் கூடுதல் தகவலுக்கு) ஒதுக்கும் ரெய்டு 5 என்றால் 12 டிபி. காசு கொடுத்து வாங்கிய இடத்தில் பாதியை விட்டுக்கொடுக்க மனம் வராமல் ரெய்டு 5-ஐத் தேர்ந்தெடுத்தேன். அவர்களுடைய தரவு 1 டிபியைக்கூட எட்டியிருக்கவில்லை என்பது வேறு கதை. ஸ்ட்ரைப் அளவையும் (டிஸ்க்குகளுக்குப் பிரித்தெழுதும் தரவுத் துண்டின் அளவு), 'ரைட் பேக்' (தரவை முதலில் கேச் என்னும் வேக நினைவகத்தில் வாங்கி, பிறகு டிஸ்க்கில் எழுதுவது) என்றிருந்த எழுதும் முறையையும் இருந்தபடியே விட்டுவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு நாள் காலையில், பில் ஒன்றைச் சேமிக்கவே அரை நிமிடம் ஆகிறது என்று அழைத்தார்கள். டிஸ்க் விளக்குகள் அனைத்தும் பச்சையாகவே எரிந்ததால் மதியம் வரை நெட்வொர்க் கேபிள்களை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தேன். பிறகுதான் டிஸ்க்குகளை இயக்கும் ரெய்டு கண்ட்ரோலரின் பதிவுகளைத் திறந்தேன்: கேச் நினைவகத்தைக் காக்கும் பேட்டரி செத்துப்போயிருந்ததால், கண்ட்ரோலர் தானாகவே 'ரைட் த்ரூ' முறைக்கு (டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகே எழுதியதாகச் சொல்வது) மாறியிருந்தது. ரெய்டு 5-இல் சிறு பதிவு ஒன்றை எழுதுவதற்கே பழைய தரவையும் பழைய பாரிட்டியையும் படித்து, புதியவை இரண்டையும் எழுத வேண்டும். இந்த நான்கு மடங்குச் சுமையை அதுவரை கேச் மறைத்து வைத்திருந்தது. பேட்டரி இல்லாவிட்டாலும் ரைட் பேக்கைக் கட்டாயப்படுத்தும் வசதி இருந்தது. மின்சாரம் போனால் கேச்சில் உள்ள பில்களும் சேர்ந்து போகும் என்பதால் அதைத் தொடவில்லை. புதுப் பேட்டரி போட்டு, பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டுச் சரிபார்த்த பிறகு, முழுவதையும் அழித்து ரெய்டு 10-ஆக அமைத்தேன்.

•

ஐயா, உங்கள் ரெய்டு கதையைப் படித்தேன். என்னை ஏமாற்றியது ரெய்டு நிலை அன்று, காத்திருப்பு நேரம். வீடியோக்களைச் சேமிக்க லினக்ஸில் எம்டிஅட்மின் (mdadm) என்னும் மென்பொருள் கொண்டு, இரண்டு டிஸ்க்குகள் கெட்டாலும் தாங்கும் ரெய்டு 6 அமைத்திருந்தேன். டிஸ்க்குகள் மேசைக் கணினிக்கானவை. படிக்க முடியாத செக்டார் (டிஸ்க்கின் மிகச் சிறு பகுதி) ஒன்று எதிர்ப்பட்டால் அத்தகைய டிஸ்க் நெடுநேரம் முயன்றுகொண்டே இருக்கும். லினக்ஸோ வழக்கமாக 30 வினாடிகளில் பொறுமையிழந்துவிடும். இதனால், ஒரே ஒரு செக்டார் கெட்டிருந்த டிஸ்க் முழுவதுமாக அணியிலிருந்து வெளியேற்றப்பட்டது. டிஸ்க்கின் பிழை மீட்பு நேரத்தை 7 வினாடிகளாகக் குறைத்தால், அது உடனே பிழையை ஒப்புக்கொள்ளும். லினக்ஸின் ரெய்டு மென்பொருளான எம்டி மற்ற டிஸ்க்குகளிலிருந்து அந்தச் செக்டாரைக் கணக்கிட்டுத் திரும்ப எழுதிவிடும். என்னுடைய டிஸ்க்குகள் மின்சாரம் நின்றதும் அந்த அமைப்பை மறந்துவிடுவதால், ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் அதை இடுவதற்கு ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன்.